உறுதிமொழியில் கடவுள் வருகிறாரே, மகளைச் சாரணியர் இயக்கத்தில் சேர்க்கலாமா?

கேள்வி: நானும் என் கணவரும் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். எங்கள் வீட்டில் பூஜை அறை கிடையாது. பொங்கலைத் தவிர வேறு பண்டிகை கொண்டாடுவதில்லை. அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள், 2025 ஜனவரி இறுதியில் மணப்பாறையில் தொடங்கிய சாரண சாரணியர் பெருந்திரளணிக்கு (ஜம்போரி எனப்படும் பெரிய முகாமுக்கு) போய்வந்த மூத்த மாணவிகள் சொன்ன கதைகளைக் கேட்டதிலிருந்து, தானும் சாரணியர் இயக்கத்தில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஜன்னல் கம்பியில் கயிற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இப்போதே முடிச்சுப் போடப் பழகுகிறாள். உறுதிமொழியை வாங்கிப் படித்துப் பார்த்த என் கணவர், "கடவுளுக்கு ஆற்ற வேண்டிய கடமையைச் செய்வேன் என்று என் பிள்ளை எதற்காகப் பொய் சொல்ல வேண்டும்?" என்று கேட்கிறார். கூட்டத்தில் பாடும் பிரார்த்தனைப் பாடல் இந்தியில் இருப்பது அவருக்கு இன்னொரு கோபம். கடவுள் என்பதற்குப் பதிலாக தர்மம் என்று சொல்லலாமாம் என்று நான் சொன்னதற்கு, "வருண தர்மமும் தர்மம்தானே அம்மா" என்று மாமனார் ஒரே வரியில் முடித்துவிட்டார். மகளின் ஆசைக்கும் எங்கள் கொள்கைக்கும் நடுவில் நான் என்ன முடிவெடுப்பது?
- ஒரு வாசகி, துறையூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு, சேர்க்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் உங்கள் கணவரின் கேள்வியை "சும்மா ஒரு சம்பிரதாயம், சொல்லிவிட்டுப் போகட்டும்" என்று தட்டிக்கழிக்க நான் தயாராக இல்லை. அந்த உறுதிமொழி "என் கண்ணியத்தின் பேரில்" என்ற பொருளில்தான் தொடங்குகிறது. கண்ணியத்தைச் சாட்சி வைத்துச் சொல்லும் முதல் வாக்கியத்திலேயே மனம் ஒப்பாத ஒன்றைச் சொல்லப் பழகும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, சாரணியத்திலிருந்து கற்றுக்கொள்ளும் முதல் பாடம் பாசாங்காகத்தான் இருக்கும். ஆகவே அவர் கேட்டது சரியான கேள்வி; அதற்கு விடை கண்டுவிட்டுச் சேர்ப்பதே முறை.

பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் உறுதிமொழியில், விரும்புகிறவர்கள் கடவுள் என்ற சொல்லுக்குப் பதிலாக தர்மம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற குறிப்பு இருப்பது உண்மை. நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். உலகின் மற்ற இடங்களிலும் இதே சிக்கல் எழுந்திருக்கிறது. இயக்கம் பிறந்த இங்கிலாந்தில் சிறுமியர் அமைப்பு 2013இல் உறுதிமொழியிலிருந்து கடவுளையே எடுத்துவிட்டது. அங்குள்ள சாரணர் சங்கம் 2014இல் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கென்று தனி உறுதிமொழி ஒன்றைக் கொண்டுவந்தது. அமெரிக்கச் சிறுமியர் சாரணியம் 1993 முதல் அந்த இடத்தில் தத்தம் நம்பிக்கைக்கு ஏற்ற சொல்லைச் சொல்ல இடம் தருகிறது. அதே நாட்டின் ஆண்பிள்ளைகள் அமைப்போ, பின்னாளில் பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்ட பிறகும், கடவுளுக்கான கடமையை விட்டுக்கொடுக்கவில்லை. நம் நாட்டு அமைப்பு இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில் நிற்கிறது என்று சொல்லலாம்.

உங்கள் மாமனாரின் ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன். அந்தச் சொல்லின் பெயரால் இந்த மண்ணில் நடந்தவற்றை அவர் தலைமுறை மறக்காது, மறக்கவும் வேண்டாம். ஆயினும் உங்கள் மகள் அந்தச் சொல்லை எந்தப் பொருளில் சொல்கிறாள் என்பதை முடிவுசெய்ய வேண்டியவள் அவளே. "நான் அறம் என்று நினைத்துத்தான் சொல்கிறேன், தாத்தா" என்று அவள் சொல்லக்கூடும்; அதுவும் ஒப்பவில்லை என்று சொல்லவும் கூடும். இரண்டாவதைச் சொன்னால், தமிழில் சொல்லும்போது அறம் என்றே சொல்ல இடம் உண்டா என்று சாரணிய ஆசிரியையிடம் நேரில் கேளுங்கள். ஆட்சேபித்தவர்களால் இந்த இயக்கம் மாறிய வரலாறு ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. 1909இல் இந்தியாவுக்கு வந்தபோது சாரணியம் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கே உரியதாக இருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரம்மஞான சபைத் தலைவி அன்னி பெசன்ட் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனி அமைப்பைத் தொடங்கினார். (அந்தப் பெயரைக் கேட்டதும் உங்கள் மாமனாரின் புருவம் உயரும் என்று தெரியும், ஆனாலும் நடந்தது நடந்ததுதான்.) இப்படிப் பிரிந்து கிடந்தவை இணைந்து இன்றைய அமைப்பு உருவானது 1950இல்.

பிரார்த்தனை விஷயத்தில் உங்கள் கையில் வலுவான ஆதாரங்கள் இருக்கின்றன. அரசமைப்புச் சட்டத்தின் 28(3)ஆம் பிரிவு, அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் யாரையும் சமய வழிபாட்டில் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. பிள்ளை மைனராக இருந்தால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதம் பாடப்பட்டபோது மரியாதையாக எழுந்து நின்றார்கள். தங்கள் நம்பிக்கை இடம் தராததால் பாட மட்டும் மறுத்தார்கள். 1985இல் பள்ளி அவர்களை நீக்கியது. மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பக்தியின் காரணமாகப் பாடாதவர்களுக்குக் கிடைத்த அந்த மரியாதை, பக்தியின்மையின் காரணமாகப் பாடாதவளுக்கும் உரியதே என்பது என் எண்ணம். சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போகச் சொல்லவில்லை. "பாடல் முடியும்வரை அமைதியாக நிற்பாள், பாட மாட்டாள்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலான ஆசிரியைகள் ஒப்புக்கொள்வார்கள்.

இந்தியைப் பற்றி ஒரு வார்த்தை: எல்லோர் மீதும் திணிக்கப்படும் மொழிக்கும், விரும்பிச் சேர்ந்த ஓர் இடத்தில் காதில் விழும் ஒரு பாட்டுக்கும் வேறுபாடு உண்டு. உங்கள் கணவர் இந்த ஒன்றை விட்டுக்கொடுக்கலாம்.

இவற்றையெல்லாம் விட நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. சாரணியர் விதிகள் ஒன்பதையும் எடுத்துப் படித்துப் பாருங்கள்: நம்பத்தகுந்தவள், எல்லோருக்கும் தோழி, விலங்குகளிடம் அன்பு காட்டுபவள், பொதுச் சொத்தைக் காக்க உதவுபவள், துணிவுள்ளவள், சிக்கனமானவள் என்று போகும் அந்தப் பட்டியலில் கடவுள் எங்கும் வருவதில்லை. பிள்ளைகளின் நேரத்தில் பெரும்பகுதி முடிச்சுகளிலும், முதலுதவியிலும், திசைகாட்டி பார்ப்பதிலும், திறந்த வெளியில் அடுப்பு மூட்டிச் சமைப்பதிலும் போகிறது. சுயமரியாதைக் குடும்பத்துக்கு உண்மையான சோதனை இந்தச் சமையலில்தான் இருக்கிறது. முகாமில் யார் சமைக்கிறார்கள், யார் பாத்திரம் துலக்குகிறார்கள், கழிப்பறையைக் கழுவும் முறை எல்லோருக்கும் சுழன்று வருகிறதா, குறிப்பிட்ட தெருவிலிருந்து வரும் பிள்ளைகளின் தலையிலேயே விடிகிறதா, அணித் தலைவியைப் பிள்ளைகளின் திறமை பார்த்து நியமிக்கிறார்களா, அப்பாவின் பெயர் பார்த்தா என்று விசாரியுங்கள். கடவுள் என்ற ஒரு சொல்லுக்காக மகளைத் தடுத்துவிட்டு, சாதி பார்த்து வரிசை போடும் வேறோர் இடத்துக்கு, அங்கே பிரார்த்தனை இல்லை என்பதற்காக அனுப்பிவைத்தால் உங்கள் கொள்கைக்கு என்ன லாபம்? மாறாக, பந்தியில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, எல்லோரும் மாறி மாறிப் பாத்திரம் துலக்கும் முகாமாக இருந்தால், உங்கள் மாமனார் மேடையில் பேசியதை உங்கள் மகள் கையால் செய்துவிட்டு வருவாள்.

கொள்கை விவாதத்தில் மறந்துவிடக் கூடாத ஒன்றும் உண்டு. 2024இல் கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளி ஒன்றில் என்.சி.சி. பெயரைச் சொல்லிப் போலியாக நடத்தப்பட்ட முகாமில் மாணவி ஒருத்திக்கு நேர்ந்த கொடுமை உங்கள் நினைவில் இருக்கும். இரவு தங்கும் முகாம் என்றால் அது இயக்கத்தின் மாவட்ட அமைப்புக்குத் தெரிந்து நடக்கிறதா, பெண் ஆசிரியைகள் உடன் தங்குகிறார்களா என்று உறுதிசெய்துகொள்ளாமல் அனுப்ப வேண்டாம். இதைக் கேட்பதற்குத் தயங்கவும் வேண்டாம்.

உங்கள் கணவரின் உள்ளுக்குள் இன்னோர் அச்சம் இருக்கலாம்: அங்கே போனால் மகள் பக்தி பக்கம் சாய்ந்துவிடுவாளோ என்பது. சாயலாம். பகுத்தறிந்து முடிவெடு என்று சொல்லி வளர்த்த பிள்ளை, நமக்கு உடன்பாடான முடிவைத்தான் எடுக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால், பக்தியுள்ள வீடுகளில் பிள்ளைகளைக் கோயிலுக்கு இழுத்துப் போகிறார்கள் என்று நாம் குறை சொல்ல முடியாது. பெரியாரும் சைவ மடத்துத் தலைவரான குன்றக்குடி அடிகளாரும் ஒருவர் கொள்கையை ஒருவர் ஏற்காமலேயே நண்பர்களாக இருந்ததைப் பற்றி மாமனாரிடம் நிறையக் கதைகள் இருக்கும். அவற்றைப் பேத்திக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

நல்லவேளையாக, உறுதிமொழியை முதல் நாளே சொல்ல வேண்டியதில்லை. புதிதாகச் சேரும் பிள்ளை சில மாதங்கள் கூட்டங்களுக்குப் போய், பிரவேஷ் எனப்படும் முதல் நிலைத் தேர்வுக்கு உரியவற்றைக் கற்ற பிறகுதான் சின்னம் சூட்டும் விழாவில் மூன்று விரல்களை உயர்த்தி உறுதிமொழி எடுக்கிறாள். அந்த மாதங்களில் ஆசிரியையைச் சந்தித்துப் பேசுங்கள்; முடிந்தால் ஒரு கூட்டத்துக்கு உங்கள் கணவரையே அழைத்துப் போகச் சொல்லுங்கள். எந்தச் சொல்லைச் சொல்வது என்று மகளிடம் விழாவுக்கு ஒரு வாரம் முன்பாகவாவது கேட்டுவிடுங்கள். எந்தச் சொல்லும் ஒப்பவில்லை, மாற்றிச் சொல்லவும் அங்கே விடவில்லை என்றால், உறுதிமொழி எடுக்காமல் அவள் விலகிக்கொள்ளலாம்.