கல்லூரிப் படிப்புக்கு போன் மட்டும் போதுமா? தினம் 1.5 ஜிபியை எப்படிப் பயன்படுத்துவது?

கேள்வி: பென்னாகரத்தில் இருந்து தர்மபுரி கல்லூரிக்குப் பஸ்ஸில் போய் வருகிறேன். லேப்டாப் இல்லை, போனில் தினம் 1.5 ஜிபி டேட்டாதான். போனில் நிறைய பிடிஎஃப் வைத்திருக்கிறேன், ஆனால் மனதில் நிற்பதில்லை. என்ன செய்வது?

பதில்:

பெரும்பாலான பாடங்களுக்கு போன் போதும். புரோகிராமிங், டேலி, எக்செல் மூன்றுக்கும் கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்தே ஆக வேண்டும். போன் திரையில் அவற்றைப் பழகுவது நேர விரயம்.

முதலில் டேட்டா. ஒரு மணி நேர வீடியோ 720பி தரத்தில் ஏறக்குறைய 1 ஜிபி வரை இழுத்துவிடும். 360பி என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கும், ஸ்லைடு பாடத்துக்கு அது தாராளம். ஆசிரியர் கரும்பலகையில் சின்ன எழுத்தாக எழுதுகிறார் என்றால் மட்டும் 480பி. யூடியூப் செட்டிங்கில் மொபைல் டேட்டாவுக்கு டேட்டா சேவர் போடுங்கள். வாட்ஸ்அப்பில் தானாக டவுன்லோடு ஆவதை நிறுத்துங்கள், குரூப்பில் வரும் வீடியோக்கள்தான் சத்தமில்லாமல் தின்னும். தினசரி பேக்கில் மிச்சம் இருப்பது பொதுவாக ராத்திரி 12 மணிக்குக் காலாவதி ஆகிவிடும். அதனால் படுக்கும் முன் நாளைய பாடத்தை இறக்கி வைத்துவிடுங்கள், பஸ்ஸில் சிக்னல் போனாலும் கவலை இல்லை.

இனி, மனதில் நிற்காத விஷயம். பிடிஎஃப் சேர்ப்பதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் படித்த மாதிரி ஒரு திருப்தி தரும், அவ்வளவுதான். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் செய்த சோதனையில், திரும்ப வாசித்தவர்கள் 5 நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். செமஸ்டர் தேர்வு 5 நிமிடத்தில் வருவதில்லையே. வீடியோ முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நினைவில் இருப்பதை நோட்டில் 10 நிமிடம் எழுதுங்கள். பிறகு பிடிஎஃப்பைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். அந்த வேறு நிற வரிகள்தான் உங்களுக்குத் தெரியாத பகுதி.

அவற்றை ஆன்கிட்ராய்டு (AnkiDroid) என்ற இலவச ஆப்பில் கேள்வி அட்டையாக ஏற்றுங்கள்; ஒவ்வொரு அட்டையையும் சில நாள் இடைவெளி விட்டு அது திரும்பத் திரும்பக் கேட்கும். இன்டர்நெட் இல்லாமலே ஓடும், பஸ் பயணத்துக்குத் தோதானது. ஒரு அட்டைக்கு ஒரே கேள்வி. "ஓம் விதியை விளக்குக" என்று போட்டால் பதில் சரியா தப்பா என்று உங்களுக்கே தெரியாது. "மின்னழுத்தம் மாறாமல் மின்தடை இருமடங்கானால் மின்னோட்டம் என்ன ஆகும்?" என்று கேளுங்கள், "பாதியாகும்" என்பதோடு முடிந்தது. புது அட்டை ஒரு நாளைக்கு 20 என்று ஆப்பில் இருக்கும், அதை 10 ஆகக் குறையுங்கள். 20 என்றே விட்டால் சில வாரங்களில் தினமும் திரும்பப் பார்க்க வேண்டியது 150-ஐத் தாண்டும். பலர் கைவிடுவது அங்கேதான். அடுத்தவர் செய்த அட்டைகளை இறக்க வேண்டாம். எழுதும்போதுதான் பாதிப் பாடம் ஏறுகிறது.

தமிழ் வழியில் படிப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. பழைய நோட்ஸ் பல பாமினி போன்ற எழுத்துருவில் இருக்கும். தேடினால் கிடைக்காது, காப்பி செய்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வரும். அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் கொடுங்கள், யூனிகோடு எழுத்தாக மாற்றித் தரும். துணைக்காலும் ரகரமும் ஒன்றுக்கு ஒன்று மாறி வந்திருக்கலாம், ஒரு முறை சரிபாருங்கள்.

பாடத்தை ஆழமாகப் படிக்க ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் என்பிடெல் (NPTEL) என்ற ஆன்லைன் பாடத் தளம் நல்ல இடம். சேருவது இலவசம், பல பாடங்களுக்குத் தமிழ் எழுத்து வடிவமும் உண்டு. சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணத் தேர்வை நேரில் எழுத வேண்டும். வார அசைன்மென்ட்டுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 என இரண்டும் தனித்தனியே வேண்டும். தேர்வை நன்றாக எழுதியும் அசைன்மென்ட்டை விட்டதால் சான்றிதழ் கிடைக்காமல் போவது உண்டு. சேர்ந்த அன்றே வாராந்திரக் கெடுவுக்கு முந்தின நாளில் அலாரம் வைத்துவிடுங்கள். அஞ்செட்டி, வத்தல்மலை போன்ற மலைப் பக்கம் இருப்பவர்கள் கடைசி ராத்திரி சிக்னலை நம்ப வேண்டாம், கல்லூரியில் இருக்கும்போதே சமர்ப்பித்துவிடுங்கள்.