காருக்குள் கெட்ட வாடையா? அது எப்போது வருகிறது என்று பாருங்கள்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காலையில் ஏசி போட்டவுடன் ஈரத்துணி வாடை அடிக்கிறது. ஐந்து நிமிடத்தில் குறைந்துவிடுகிறது. ஏசி கேஸ் நிரப்பியாயிற்று, வாசனை டப்பாவும் வைத்தாயிற்று. பலனில்லை.

பதில்: கேஸுக்கும் இந்த வாடைக்கும் சம்பந்தமே இல்லை. டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலின் மீது காற்றின் ஈரம் தண்ணீராகப் படியும். வண்டியை நிறுத்திய பிறகும் அந்த ஈரம் தங்கிவிடுவதால், காயிலில் ஒட்டியிருக்கும் தூசியில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்கின்றன. மறுநாள் புளோயர் தள்ளும் முதல் காற்றில் நீங்கள் முகர்வது அதைத்தான்.

முதலில், காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பல கார்களில் அது கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். கறுத்தோ ஈரமாகவோ இருந்தால் புதிது போடுங்கள். காகித ஃபில்டரைக் கழுவிப் போடுவது வீண் வேலை. மாட்டும்போது அதன் அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்ட வேண்டும்.

அடுத்தது, காயிலில் படியும் தண்ணீரை வெளியேற்றும் வடிகுழாய். புழுக்கமான நாளில் ஏசியை 15 நிமிடம் ஓடவிட்டு வண்டிக்கு அடியில் பாருங்கள். தண்ணீர் சொட்டாவிட்டால் குழாய் அடைத்திருக்கலாம். வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் இழையை உள்ளே நுழைத்து அடைப்பை மெதுவாக எடுங்கள். கம்பியால் குத்தினால் குழாய் கிழியும். அதிக அழுத்தத்தில் காற்றடித்தால் குழாய் உள்ளே கழன்று, தண்ணீர் கார்பெட்டில் இறங்கும்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் வாடை போகாவிட்டால், கூலிங் காயிலுக்கென்றே விற்கும் நுரை கிளீனரைப் பயன்படுத்துங்கள். டப்பாவில் சொன்ன நேரம் ஊறவிட்டு, கதவுகளைத் திறந்து வைத்துப் புளோயரை ஓட்டுங்கள். அதன்பின் தினமும் வண்டியை நிறுத்துவதற்கு நான்கைந்து நிமிடம் முன்பே ஏசியை மட்டும் அணைத்து, வெளிக்காற்று நிலையில் புளோயரை வேகமாக வையுங்கள். காயில் காய்ந்துவிடும். இந்தப் பழக்கம் இல்லாமல் கிளீனர் மட்டும் அடித்தால் சில வாரங்களில் வாடை திரும்பும்.

கேள்வி: மழை பெய்த மறுநாளிலிருந்து மக்கிய நாற்றம். கார்பெட்டை ஷாம்பு போட்டுக் கழுவி உலர்த்தினோம். அடுத்த மழைக்கு மறுபடியும் வந்துவிட்டது.

பதில்: நீங்கள் கழுவியது மேல்துணியை மட்டும். அதற்கு அடியில் இருக்கும் கனமான ஃபோம் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும்; பழைய செய்தித்தாளை விரித்து முழங்காலை ஊன்றி அழுத்தினால் தாள் நனையும். நான்கு கால் வைக்கும் இடங்களிலும், டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியிலும் இப்படிச் சோதியுங்கள். எந்த மூலையில் ஈரம் என்பதே பாதி விடை.

முன்பக்கம் ஈரமென்றால் வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் தட்டைத் திறந்து பாருங்கள். வடிதுளையை இலைச்சருகு அடைத்திருந்தால், தேங்கும் தண்ணீர் புளோயர் காற்றிழுக்கும் வாய் வழியாக உள்ளே வரும். சன்ரூஃப் உள்ள வண்டியில் அதன் ஓரக் கால்வாயின் மூலைகளில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். அது வண்டிக்கு அடியில் வடிய வேண்டும்.

கதவோரம் ஈரமென்றால் பலர் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையான பீடிங்கை மாற்றிவிட்டு ஏமாறுகிறார்கள். மழைநீர் கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்குவது இயல்பு. கதவின் அடித்துளைகள் வழியாக அது வெளியேறிவிடும். உள்பக்கம் வராமல் தடுப்பது கதவு அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள். ஸ்பீக்கர் மாற்றும்போதோ கண்ணாடி மோட்டாரைப் பழுதுபார்க்கும்போதோ அதைக் கிழித்துவிட்டு அப்படியே மூடிவிடுவது நிறைய நடக்கிறது. சமீபத்தில் கதவைத் திறந்து வேலை செய்திருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். டிக்கி ஈரமென்றால், பின்பக்க விளக்கின் கேஸ்கெட்டும் (நீர் புகாமல் தடுக்கும் பட்டை) டிக்கிக் கதவின் பீடிங்கும் வழக்கமான காரணங்கள்.

தண்ணீர் விட்டுச் சோதிக்கும்போது கீழிருந்து மேலாகப் போங்கள். குழாயை மெல்லத் திறந்து ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் விடுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சுடன் இருக்கட்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் நனைந்து, எங்கே புகுந்தது என்று தெரியாது. மழையே இல்லாமல் ஏசி ஓடிய நாட்களில் மட்டும் முன்பக்கம் நனைந்தால், முதல் கேள்வியில் சொன்ன வடிகுழாய்தான் காரணம்.

ஓட்டையை அடைத்த பிறகே உலர்த்துங்கள். சீட்டைக் கழற்றிக் கார்பெட்டைத் தூக்கி, அடியில் கட்டை கொடுத்து இரண்டு மூன்று நாள் மின்விசிறிக் காற்று படவிட வேண்டும். சீட்டுக்கு அடியில் ஏர்பேக் இணைப்பு இருக்கலாம் என்பதால், சீட்டைக் கழற்றும் வேலையை மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. காய்ந்த பிறகும் நாறும் ஃபோமைத் தூக்கிப் போடுங்கள். தள்ளிப் போடாதீர்கள், பல வண்டிகளில் கார்பெட்டுக்கு அடியில் ஒயர் இணைப்புகள் உள்ளன, அவை துருப்பிடித்தால் செலவு பெருகும்.

கேள்வி: புளோயர் போட்டால் செத்த எலி நாற்றம். எங்கே தேடுவது?

பதில்: வெளிக்காற்று நிலையிலும் உள்காற்றுச் சுழற்சியிலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். வெளிக்காற்றில் மட்டும் அதிகம் நாறினால் வைப்பர் தட்டின் அடி, பானட்டுக்குள், என்ஜின் மூடி, ஏர் ஃபில்டர் பெட்டி என்று தேடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு என்றால் கேபின் ஃபில்டர் அறையிலோ புளோயர் விசிறிக் கூட்டிலோ கிடக்கும்.

கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள். ஒரு பங்கு பிளீச்சிங் திரவம், ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து எலியையும் எச்சத்தையும் நனைத்து, ஐந்து நிமிடம் கழித்துத் துணியால் அள்ளுங்கள். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டினால் கிருமி காற்றில் பறக்கும். இந்தக் கலவை கூலிங் காயிலில் படக்கூடாது, அலுமினியத்தை அரிக்கும். ஃபில்டரை மாற்றுங்கள். வண்டியை எடுக்கும் முன் ஒயர்களையும் பெட்ரோல் ஹோஸையும் எலி கடித்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

கேள்வி: ஹீட்டர் போட்டால் இனிப்பு கலந்த வாடை வருகிறது. முன் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் போல் படிகிறது.

பதில்: ஹீட்டருக்குச் சூடு தரும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோரில், என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கசிகிறது. என்ஜின் நன்றாக ஆறிய பிறகு கூலன்ட் டப்பாவின் அளவைப் பாருங்கள்; சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிக்கும் திரவம் பீறிடும். டாஷ்போர்டுக்குக் கீழே கார்பெட் பிசுபிசுப்பாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். அதன் இனிப்புக்குக் குழந்தைகளும் நாய் பூனைகளும் நக்கிவிடக்கூடும் என்பதால் உடனே துடைத்துவிடுங்கள். கூலன்ட் குறைந்தபடி ஓட்டினால் என்ஜின் சூடேறிச் சேதமாகும். கோரை மாற்றும்வரை, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் ஒன்றாக இணைத்துவிடச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

கேள்வி: அழுகிய முட்டை நாற்றம் ஆபத்தா?

பதில்: பேட்டரியிலிருந்து வந்தால் ஆபத்துதான். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும் ஈய அமில பேட்டரி ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விடும். கூடவே தீப்பிடிக்கும் ஹைட்ரஜனும் வரும். பேட்டரி உப்பியோ சூடாகவோ இருந்தால் தொடாதீர்கள். என்ஜினை அணைத்து, கதவுகளைத் திறந்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு மூக்கை மரத்துப்போகச் செய்யும், ஆகவே நாற்றம் தெரியவில்லை என்றால் வாயு போய்விட்டதாக நினைக்கக்கூடாது. பிறகு மெக்கானிக் மல்டிமீட்டரில் பார்க்கட்டும்: என்ஜின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.7 வோல்ட் இயல்பு. 15-க்கு மேலேயே நின்றால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரில் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. அதைச் சரிசெய்யாமல் பேட்டரியை மட்டும் மாற்றினால் புதியதும் கெடும்.

பேட்டரி சரியாக இருந்து, நாற்றம் சைலன்சர் பக்கம் அதிகமென்றால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் எரிபொருள் கலவையையும் சோதிக்க வேண்டும். காருக்குள் எந்தப் புகைவாடை வந்தாலும், அது நிற்கும்வரை வண்டியை ஓட்டாதீர்கள். அதனுடன் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. தலைவலியும் மயக்கமும்தான் அதன் அடையாளம்.