பாட்டிக்கும் பார்லி கஞ்சி, அப்பாவுக்கும் பார்லி கஞ்சியா?

கேள்வி: என் கணவரும் அவருடைய நண்பர்களும் பேசுவதில் பாதி எனக்கே புரிவதில்லை. பீருக்கு 'பார்லி கஞ்சி'. டாஸ்மாக் கடைக்கு 'குலதெய்வம் கோயில்'. அளவு மீறினால் 'சாமி வந்துடுச்சு'. போன வாரம் மாமியாருக்குக் கால் வீக்கம் என்று நிஜமான பார்லி கஞ்சி வைத்துக் கொடுத்தேன். இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன், "பாட்டி, சனிக்கிழமை அப்பா குடிக்கிறதுதானே இது?" என்று கேட்டுவிட்டான். மாமியார் இன்னும் என்னை முறைக்கிறார். கணவரோ "சும்மா தமாஷுக்குத்தானே" என்கிறார். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: சகோதரி, முதலில் மாமியாரிடம் அந்தப் பார்லி பாக்கெட்டைக் காட்டிவிடுங்கள். அந்தப் பஞ்சாயத்து அதோடு முடியும்.

பீரே பார்லியில் செய்வதுதான் என்பதால், 'பார்லி கஞ்சி'க்கு நான் மதிப்பெண் போடுவேன். 'குலதெய்வம் கோயில்' கொஞ்சம் ஓவர். ஆனால் இந்தக் குறும்பு நம் ஆட்களுக்குப் புதிதல்ல. தண்ணி, சரக்கு, தீர்த்தம் என்று எத்தனை பெயர்! தள்ளாடினால் மப்பு, விழுந்தால் மட்டை. சங்க காலத்திலும் கள், நறவு, தேறல், தோப்பி என்று வகைவகையாகப் பெயர் இருந்தது. தேள் கொட்டியதுபோலக் கடுக்கும் நாள்பட்ட தேறலை ஔவையாரே பாடியிருக்கிறார். ஒரு பெயரை நீங்கள் தடை செய்தால் சாயங்காலத்துக்குள் இன்னொன்று முளைத்துவிடும். விடுங்கள்.

எனக்கு உறுத்துவது 'ஒரே ஒரு பீர்தான்' என்கிற பேச்சு. கணக்குப் போட்டுப் பாருங்கள். குவார்ட்டர் 180 மி.லி.; அதில் பாதி, 90 மி.லி., கட்டிங். பிராந்தி, விஸ்கியில் வழக்கமாக 42.8 சதவீதம் ஆல்கஹால். அப்படியானால் ஒரு கட்டிங்கில் சுமார் 38 மி.லி. ஆல்கஹால் போகிறது. பெரிய பீர் பாட்டில் 650 மி.லி. ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் 52 மி.லி. கட்டிங் அடித்தவரைப் பார்த்து "பாவம், கெட்டுப் போறான்" என்று வருத்தப்படுகிற பீர்க்காரர், அவரைவிட அதிகமாகவே உள்ளே தள்ளியிருக்கிறார்! அதற்குக் 'கஞ்சி' என்று பெயரும் வைத்துவிட்டால் யார் கணக்குக் கேட்கப் போகிறார்கள்?

நீங்கள் கேளுங்கள். ராத்திரி வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை காலை தெளிந்த நேரத்தில். எத்தனை பாட்டில், லேபிளில் எத்தனை சதவீதம், வண்டியை யார் ஓட்டி வந்தது, இவ்வளவுதான் கேள்வி. 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். "நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்" என்பது போலீஸ் ஊதச் சொல்லும் கருவியிடம் எடுபடாது.

பையனுக்கு நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டாம். "நான் குடிப்பது பீர், பாட்டி குடிப்பது கஞ்சி, பீர் உடம்புக்கு நல்லதில்லை" என்று அவன் அப்பாவே உட்கார்ந்து சொல்லட்டும். தமாஷ் எவ்வளவு தூரம் தாங்குகிறது என்று அப்போது அவருக்கே தெரியும்.

அப்புறம் ஒன்று. சனிக்கிழமை என்பது தினமும் ஆகி, காலையில் கை நடுங்கி, குடித்தால்தான் நிற்கிறது என்கிற நிலை இருந்தால், வீட்டிலேயே சட்டென்று நிறுத்த வைக்காதீர்கள். வலிப்பு வரை போகலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. அவர் வர மறுத்தாலும் நீங்கள் கூப்பிட்டுப் பேசலாம்.