கொட்டினால் முதலில் துடைப்பத்தைத் தேடாதீர்கள்

ரசாயனக் கிடங்கிலும் உற்பத்திக் கூடத்திலும் டிரம்களோடேயே பல வருடம் கழித்தவன் என்பதால், கசிவு பற்றி வந்த கேள்விகளை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஆசிட் கேன் சாய்ந்து தரையில் ஓடுகிறது. முதல் வேலை என்ன சார்?

விலகுவதுதான். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கத்திச் சொல்லுங்கள், யார் மேலாவது பட்டிருந்தால் அவரைக் கவனியுங்கள். அப்புறம் தள்ளி நின்று பாருங்கள்: கொட்டியது எது, எவ்வளவு, எந்தப் பக்கம் ஓடுகிறது? என்ன பொருள் என்று தெரியும், புகையோ நெடியோ கிளம்பவில்லை, சரியான கையுறையும் கண்ணாடியும் கையில் இருக்கின்றன, பயிற்சியும் உண்டு என்றால் நீங்களே கையாளலாம். இதில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் ஆட்களை வெளியேற்றிவிட்டு அவசரக் குழுவைக் கூப்பிடுங்கள்.

"எத்தனை லிட்டர் வரை சின்னக் கசிவு?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். லிட்டர் கணக்கு இங்கே ஏமாற்றும். நீர்த்த காஸ்டிக் சோடா (ஆசிட்டுக்கு எதிரான காரம்) ஒரு லிட்டர் கொட்டினால் தடுத்து, உறிஞ்சி, எடுத்துவிடலாம். மூடிய அறையில் நச்சு ஆவி விடும் புரோமின் நூறு மில்லி கொட்டினால் ஓட வேண்டியதுதான்.

கேள்வி: ஆசிட் மேல் காஸ்டிக்கை ஊற்றினால் சமன் ஆகிவிடாதா?

காகிதத்தில் ஆகும். தரையில் கொதிக்கும், தெறிக்கும். முதலில் சுற்றிலும் அணை கட்டி, வடிகால் வாயை மூடுங்கள். பிறகு சமையல் சோடாவையோ சோடா சாம்பலையோ விளிம்பிலிருந்து உள்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். நுரைத்து வருவது கார்பன் டை ஆக்சைடு. நுரை அடங்கியதும் ஆசிட் மிச்சம் இருக்கிறதா என்று நிறத்தில் காட்டும் பிஎச் தாளை வைத்துப் பார்த்துவிட்டு அள்ளுங்கள். நுரை நின்றதால் மட்டும் ஆசிட் போய்விட்டது என்று கையை வைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் இடத்தில் எது கொட்டினாலும் மரத்தூள்தான். அது போதுமா?

எண்ணெய்க்குச் சரி. நைட்ரிக் ஆசிட்டுக்கு மரத்தூள், காகிதம், துணி எதுவும் வேண்டாம். அது இவற்றை ஆக்ஸிஜனேற்றிச் சூடாக்கும், தீப்பிடிக்கவும் செய்யும். நான் சேர்ந்த புதிதில் ஒரு கூடத்தில் நைட்ரிக்கை மரத்தூள் போட்டு அள்ளி, தொட்டியில் கொட்டி, மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது மூடியின் ஓரத்தில் செம்பழுப்பாகப் புகை நூல் நூலாக ஏறிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பக்கத்தில் தின்னர் (பெயிண்டைக் கரைக்கும், எளிதில் தீப்பற்றும் திரவம்) டிரம் இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம்.

நைட்ரிக்குக்கு மணல் போன்ற, எரியாத பொருளைப் போடுங்கள். ஆனால் ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட்டுக்கு மணலும் ஆகாது. மணலில் உள்ள சிலிக்காவோடு வினைபுரிந்து நச்சு வாயு வரும். அதற்கென்று தனி உறிஞ்சிகள் உண்டு. இந்த ஆசிட்டைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை: நீர்த்த நிலையில் தோலில் பட்டால் பல சமயம் உடனே வலிக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும், அதற்குள் உள்ளே இறங்கியிருக்கும். உடனே தண்ணீரில் கழுவி, 2.5% கால்சியம் குளுகோனேட் ஜெல்லைத் தடவியபடியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த ஜெல் இல்லாத இடத்தில் இந்த ஆசிட் பாட்டிலைத் திறக்கவே கூடாது என்பது என் கட்சி.

கேள்வி: தின்னர் கொட்டி நெடி தாங்கவில்லை. உடனே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டேன். சூப்பர்வைசர் திட்டுகிறார்.

தம்பி, அவர் திட்டியது சரிதான். சுவிட்சுக்குள் வரும் சின்னப் பொறி போதும். தின்னரில் பெரும்பாலும் இருக்கும் டொலுவீன் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். சாதாரண அறை அதைவிட எவ்வளவோ சூடு. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, குழிகளில் தேங்கி, தூரத்தில் இருக்கிற அடுப்பையோ வெல்டிங்கையோ தொட்டுவிட்டு நெருப்பாகத் திரும்பி வரும். சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். போகும் வழியில் கதவைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். மின்சாரத்தை ஆவி எட்டாத இடத்திலிருந்து துண்டிக்கலாம். போனையும் வெளியே வந்து எடுங்கள்.

கேள்வி: மருத்துவ முகக்கவசம் போட்டுக்கொண்டு துடைக்கலாமா?

அது ஆவியையோ வாயுவையோ தடுக்காது. தூசிக்கான என்95-ம் அப்படித்தான். கார்ட்ரிட்ஜ் (ஆவியைப் பிடிக்கும் வடிகட்டி) வைத்த முகக்கவசம் உதவும், ஆனால் அந்த ரசாயனத்துக்கான கார்ட்ரிட்ஜாக இருக்க வேண்டும். அதுவும் ஆக்ஸிஜன் தராது. காற்றில் என்ன, எவ்வளவு என்று தெரியாத இடத்துக்குக் காற்று சிலிண்டர் மாட்டிய ஆட்கள்தான் போகலாம். கையுறையிலும் இதே கதை: நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை பல ரசாயனங்களுக்கு நல்லது, அசிட்டோன் போன்ற சிலவற்றுக்குச் சீக்கிரம் தோற்றுவிடும்.

கேள்வி: கண்ணில் தெறித்தால் எவ்வளவு நேரம் கழுவ வேண்டும்?

குறைந்தது 15 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. இரண்டு நிமிடத்திலேயே "போதும், சரியாயிடுச்சு" என்பார்கள். விடாதீர்கள். இமைகளை விரல்களால் விரித்துப் பிடித்து, கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவிக்கொண்டே கழற்றுங்கள். காஸ்டிக் என்றால் இன்னும் நீண்ட நேரம். ஆசிட்டைவிட அது கண்ணுக்குள் ஆழமாக இறங்கும். எதையும் ஊற்றிச் சமன் செய்யப் பார்க்காதீர்கள், வெறும் தண்ணீர்தான். அப்புறம் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

கண் கழுவும் குழாயை 10 விநாடிக்குள் எட்ட முடிய வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நானே நடந்து பார்த்தேன். நாலாவது அடியில் அட்டைப்பெட்டிக் குவியலில் முட்டிக்கொண்டேன். தட்டுத்தடுமாறிக் குழாயைத் திறந்தால் முதலில் வந்தது துருத் தண்ணீர். வாரம் ஒரு முறை திறந்துவிடாவிட்டால் அப்படித்தான்.

கேள்வி: கொட்டாமலே பார்த்துக்கொள்ள வழி?

நான் பார்த்தவரை டிரம் சும்மா நிற்கும்போது கொட்டுவது குறைவு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதுதான் அதிகம். தேய்ந்த ஹோஸ், பழைய கேஸ்கெட், பம்பை ஓடவிட்டுப் போன் பேசப் போன ஆள், டிரம்மின் வயிற்றில் குத்திய ஃபோர்க்லிப்ட் முள். மாற்றி முடிக்கும்வரை ஒரு ஆள் அங்கேயே நிற்க வேண்டும்.

டிரம்களுக்குக் கீழே தடுப்புத் தொட்டி கட்டுங்கள். அதிலுள்ள மிகப் பெரிய கலத்தின் கொள்ளளவில் 110% பிடிக்கும்படி கட்டுவது வழக்கம். ப்ளீச்சையும் ஆசிட்டையும் ஒரே தொட்டிக்குள் வைத்துவிடாதீர்கள், இரண்டும் கசிந்து கலந்தால் குளோரின் வரும். மழைநீர் வெளியேற வைத்த வால்வை யாராவது திறந்தபடி விட்டிருந்தால் தொட்டி இருந்தும் இல்லாதது போல்தான். அப்புறம், குளிர்பான பாட்டிலில் ரசாயனம் ஊற்றி வைக்கிற பழக்கம். அதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

கேள்வி: ரசாயனத்தோடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாளில் (எஸ்டிஎஸ்) 16 பகுதி இருக்கிறதே, யார் படிப்பது?

4, 6, 8, 10 ஆகியவற்றை முதலில் படியுங்கள்: முதலுதவி, கசிவு நடவடிக்கை, பாதுகாப்பு உடை, எதோடு சேரக்கூடாது. கொட்டிய பிறகு அல்ல, பொருள் வந்து இறங்கும் அன்றைக்கே.

கேள்வி: அள்ளியதை எங்கே போடுவது?

சாதாரணக் குப்பையிலும் வேண்டாம், சாக்கடையிலும் வேண்டாம். எதை உறிஞ்சியதோ அதே அபாயம் அந்தப் பஞ்சுக்கும் உண்டு. பொருந்தும் கலத்தில் போட்டு, பெயர் எழுதி, அபாயக் கழிவோடு அனுப்புங்கள். ஆசிட் பஞ்சையும் தின்னர் பஞ்சையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். வாயு வந்துகொண்டிருக்கும் கழிவை இறுக்கி மூடினால் கலம் வெடிக்கும்.

கேள்வி: கசிவை அள்ளும் பொருட்கள் வைத்த கசிவுப் பெட்டியை எங்கே வைப்பது?

கொட்டக்கூடிய டிரம்முக்குப் பக்கத்தில் அல்ல, கொட்டினால் அதை எடுக்கப் போகவே முடியாது. வாசல் பக்கம் வையுங்கள். மாதம் ஒரு முறை திறந்தும் பாருங்கள். ஒரு தடவை நான் திறந்த பெட்டியில் உறிஞ்சும் பஞ்சு ஒன்றுகூட இல்லை. யாருடையதோ ஒரு குடையும், இரண்டு சாப்பாட்டு டப்பாக்களும் இருந்தன.