சிப்பாங்கை விரிவாக்கினால் பந்தயம் தங்குமா? கேள்வி பதில்

மலேசியாவின் சிப்பாங் பந்தயத் தடத்தில் இருக்கைகளைக் கூட்ட வேண்டும், இரவு விளக்கு போட வேண்டும், இல்லாவிட்டால் ஃபார்முலா 1 கார்ப் பந்தயம் போனதுபோல மோட்டோஜிபி மோட்டார்சைக்கிள் பந்தயமும் போய்விடும் என்ற வாதத்தை ஒட்டி வந்த கேள்விகள் இவை.

கேள்வி (செந்தூல்): அண்ணா, தடம் பழசாகிவிட்டதால்தானே ஃபார்முலா 1 போனது?

பதில்: இல்லை தம்பி. 1999-ல் திறந்த தடம் அது, 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். 2016-ல்தான் பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். கடைசி வளைவின் உள்பக்கத்தை ஏறக்குறைய 1 மீட்டர் உயர்த்தவும் செய்தார்கள். மறு வருடமே, 2017 அக்டோபர் 1-ல், கடைசிப் பந்தயம் நடந்தது. நடத்தும் செலவு ஏறிக்கொண்டே போனது, டிக்கெட் விற்பனை இறங்கியது. 2008-லிருந்து சிங்கப்பூரில் இரவுப் பந்தயம் வந்ததும் வெளிநாட்டு ரசிகர்கள் பிரிந்தார்கள். சிமெண்ட் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது.

கேள்வி (கிள்ளான்): மோட்டோஜிபிக்குத்தான் கூட்டம் வருகிறதே, இருக்கைகளைக் கூட்டினால் என்ன?

பதில்: கூட்டம் வருவது உண்மை. மோட்டார்சைக்கிள் இல்லாத வீடு நம் ஊரில் குறைவு. 2018-ல் ஹாஃபிஸ் ஷாரின் மோட்டோஜிபியில் முதல் மலேசியராக ஓட்டியதும் ஆர்வம் கூடியது. ஆனால் வந்தவர்கள் வெளியேற வேண்டுமே? ஒரு கணக்குப் போடுங்கள். 20,000 பேரை 40 இருக்கை பஸ்ஸில் சாலாக் திங்கி ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோக 500 நடை வேண்டும். போய்வர அரை மணி என்றால், 2 மணி நேரத்தில் ஒரு பஸ் 4 நடை அடிக்கும். 125 பஸ் போதும். அதே பஸ் கார் நெரிசலில் மாட்டி, போய்வர 1 மணி ஆனால் 250 பஸ் தேவை. பஸ்ஸுக்குத் தனிப்பாதை ஒதுக்காமல் இருக்கை கூட்டுவது, வாசலை அகலப்படுத்தாமல் மண்டபத்தைப் பெரிதாக்குவது போல. காசை இருக்கையில்தான் போட வேண்டுமென்றால், வெயிலும் மழையும் படும் மேட்டுப் பகுதிக்கு முதலில் கூரை போடலாம்.

கேள்வி (காஜாங்): விளக்கு போட்டு இரவில் நடத்தினால் ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கும் வசதிதானே?

பதில்: அந்த வசதிக்காகத்தான் 2009-ல் ஃபார்முலா 1 பந்தயத்தை மாலை 5 மணிக்குத் தொடங்கினார்கள். கொட்டிய மழையில் பந்தயம் நின்றது, பிறகு இருட்டிவிட்டது, 56 சுற்றில் 31-ஐ மட்டும் கணக்கில் எடுத்துப் பாதிப் புள்ளிதான் கொடுத்தார்கள். விளக்கு இருட்டைத்தான் போக்கும். மாலை இடிமழையை அதனால் தடுக்க முடியாது. ஈரத்தாரில் வெளிச்சம் பட்டுக் கண்ணும் கூசும்.

கேள்வி (பூச்சோங்): அப்படியானால் பணத்தை எதில் போடுவது, ஐயா?

பதில்: முதலில் வடிகால். 2017 ஃபார்முலா 1 பயிற்சி ஓட்டத்தில் வடிகால் மூடி ஒன்று கிளம்பி, ஓட்டுநர் ரொமெய்ன் குரோஜானின் காரின் பின்சக்கரத்தைக் கிழித்தது. ஃபார்முலா 1 காரின் அடிப்பகுதி தரையில் இருப்பதை மேலே உறிஞ்சிக்கொண்டே போகும். தளர்ந்த மூடி அதற்கு இலை மாதிரி. ஆகவே மூடிகளைப் போல்ட் போட்டு அல்லது வெல்டிங் வைத்து இறுக்கி, ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்னும் தட்டிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, வண்டி தடம் விட்டு விலகினால் போய் நிற்கும் ஓர இடம். காருக்கு அங்கே தார் நல்லது, பிரேக் பிடிக்கும். விழுந்து சறுக்கிவரும் பைக் ஓட்டுநருக்குச் சரளைதான் உயிர். 5 முதல் 16 மில்லிமீட்டர் உருண்டைக் கற்கள், சுமார் 25 சென்டிமீட்டர் ஆழம். நம் மழையில் மண் இறங்கி இடைவெளியை அடைத்தால் சரளை தரைபோல இறுகிவிடும், விழுந்தவர் வேகம் குறையாமல் தடுப்பில் போய் மோதுவார். கிளறிவிடுவதும் சலித்து மாற்றுவதும் வருடாந்திரச் செலவு. திறப்பு விழா வைக்க முடியாத வேலை என்பதால் இதைத்தான் முதலில் தள்ளிப்போடுகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்.

மூன்றாவது, ஆம்புலன்ஸ் பாதை. இடிமழையில் மருத்துவ ஹெலிகாப்டர் பறக்காது. அப்போது குறித்த மருத்துவமனைக்குச் சாலை வழியே 20 நிமிடத்துக்குள் போக முடியாவிட்டால் ஃபார்முலா 1 காரை ஓடவிட மாட்டார்கள். மேலே சொன்ன பஸ் பாதையையே இதற்கும் பயன்படுத்தலாம்.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ்): கோலாலம்பூர் நகரத்துக்குள்ளேயே நடத்தினால் ரயிலில் வந்துவிடலாமே?

பதில்: 2015 ஆகஸ்டில் நகர வீதியில் ஒரு பந்தயம் நடந்தது, மறு வருடம் நடக்கவில்லை. 1 கிலோமீட்டர் தெருவுக்கு இரு பக்கமும் 4 மீட்டர் நீளக் கான்கிரீட் கட்டை வைத்தால் 500 கட்டைகள் வேண்டும், மேலே கம்பிவேலி வேறு. எல்லாவற்றையும் இரவில் இறக்கி, பந்தயம் முடிந்ததும் தூக்க வேண்டும். சாக்கடை மூடித் தொல்லையும் கூடும்: 2023-ல் லாஸ் வேகாஸ் தெருவில் ஃபார்முலா 1 ஓட்டுநர் கார்லோஸ் சைன்ஸின் காரை உடைத்தது தண்ணீர்க் குழாய் வால்வின் மூடிதான். மோட்டோஜிபிக்கோ தெரு ஒத்தே வராது, சரளைக்கு இடமில்லை.