நாற்பது மைல் பாலையைப் பகலில் கடக்கலாமா?

உங்கள் கதையில் 1849-இல் கலிபோர்னியா போகும் குடும்பம் நெவாடாவின் நாற்பது மைல் பாலையைப் பகலில், வண்டிக்குள் உட்கார்ந்தபடி கடப்பது சரியா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

ஹம்போல்ட் ஆறு அங்கே உப்புச் சதுப்பில் வற்றிப்போகும். அப்புறம் கார்சன் ஆறு வரை குடிக்கத் தண்ணீர் கிடையாது. அதனால் பாலைக்கு முன்னால் வரும் புல்வெளியிலேயே (இன்றைய லவ்லாக் ஊர்ப் பக்கம்) புல் அறுத்துக் கட்டி, பாத்திரங்களிலெல்லாம் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, வெயில் தாழ்ந்ததும் கிளம்பி இரவெல்லாம் நடப்பார்கள். ஆம், நடப்பார்கள், வண்டி பெரும்பாலும் சாமானுக்குத்தான். மாடு மணிக்கு இரண்டு மைல் போனால் பெரிது. எனவே ஓர் இரவில் முடியாது, மறுநாள் வெயிலையும் பார்த்தாக வேண்டும்.

கதைக்கு உயிர் தரும் இடம் கடைசிப் பகுதிதான். சக்கரம் புதையும் மணல். மாடுகள் சரிந்து விழும். வண்டியை அங்கேயே விட்டு, மாடுகளை அவிழ்த்து ஆற்றுக்கு ஓட்டிப்போய், தெம்பு வந்தபின் திரும்பி வந்து இழுத்தவர்கள் உண்டு. வழியெங்கும் செத்த மாடுகள், கைவிட்ட வண்டிகள். அந்த நாற்றத்தை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் குடும்பம் கார்சன் ஆற்றுக்குப் பதிலாக டிரக்கி ஆற்றுக்குப் போகும் பாதையில் போனால், நடுவே கொதிக்கும் ஊற்றுகள் உண்டு. அந்த நீரை ஆறவைத்துத்தான் மாடுகளுக்குக் காட்ட முடியும்.