வீட்டுப் பத்திரத்தைத் தொடாதீர்கள், மகளுக்கு வேறு வழி இருக்கிறது

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தேன். காசிமேட்டில் உங்களுக்கென்று இருப்பது அந்த ஒரே வீடு. மகள் நீட்டில் இரண்டாவது முறையும் தவறிவிட்டாள், பத்திரத்தை அடமானம் வைத்து வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படிக்க வைக்கலாம் என்று அவள் பெரியப்பா நெருக்குகிறார். உங்கள் கவலை புரிகிறது. ஆனாலும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க இது நேரமில்லை. அங்கே படித்து வந்தாலும் இங்கே தொழில் செய்ய எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் தேற வேண்டும். அதில் தேறுகிறவர்களைவிடத் தவறுகிறவர்களே அதிகம். அவள் தேறும்வரை வட்டி காத்திருக்காது. அந்தப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

அதைவிட முக்கியமான ஒன்றை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: அவளுக்கு நோயாளிகளோடு பேசப் பிடிக்காது, பள்ளி ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்பை விட்டு நகரமாட்டாள், வீட்டு மிக்ஸியைக் கழற்றி மாட்டுவாள். இந்தப் பெண்ணை எதற்கு டாக்டராக்க வேண்டும்?

நர்சிங், பார்மசி பற்றி ஊரே சொல்லும், நான் விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாதது கட்டடங்களின் கிருமி நீக்கம். ஆபத்தான கிருமி பரவிய ஆய்வகம், ஆபரேஷன் தியேட்டர், தடுப்பூசித் தொழிற்சாலை ஆகியவற்றை மறுபடி மனிதர் நுழையும்படி ஆக்கும் வேலை. 2001-இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய பாக்டீரியாவின் பொடி வைத்த கடிதங்கள் வந்தபோது, வாஷிங்டனில் செனட் உறுப்பினர்களின் அலுவலகங்கள் உள்ள ஹார்ட் கட்டடம் அக்டோபரில் மூடப்பட்டு 2002 ஜனவரியில்தான் திறந்தது. அந்தக் கடிதங்கள் கடந்துவந்த பிரென்ட்வுட் அஞ்சல் நிலையத்துக்கு 2003 டிசம்பர் வரை ஆனது. கிருமியைக் கொல்லும் குளோரின் டை ஆக்சைடு வாயுவை 750 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் 750 பங்கு) அளவில், 12 மணி நேரம், 75 சதவீத ஈரப்பதத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. ஈரப்பதம் குறைந்தால் ஆந்த்ராக்ஸின் வித்துகள், அதாவது கெட்டியான ஓட்டுக்குள் உறங்கும் கிருமிகள், சாவதில்லை.

இங்கே அதிகம் கேள்விப்படுவது ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி. அதற்கு நேர்மாறாக அறையை முதலில் உலர்த்த வேண்டும். ராயபுரம் கடற்காற்று ஏறிய அறையில் அவசரப்பட்டால் ஆவி குளிர்ந்த சுவரில் நீராகப் படியும், மூலைக்குப் போய்ச் சேராது. அதற்கும் முன்னால் அழுக்கைத் துடைத்தெடுக்க வேண்டும், தூசிக்கடியில் இருக்கும் வித்தை வாயு தொடாது. அட்டைப்பெட்டி, பஞ்சு, துணி எல்லாவற்றையும் வெளியேற்ற வேண்டும், அவை பெராக்சைடை உறிஞ்சிவிடும். பிறகு ஏ.சி. காற்று வரும் டக்ட்டின் டேம்பரை (அடைப்புத் தகட்டை) மூடி, கதவிடுக்கிலும் ஃபால்ஸ் சீலிங்கிலும் டேப் ஒட்ட வேண்டும். வேலை கெடுவது பெரும்பாலும் இந்த ஒட்டுதலில்தான். பக்கத்து அறையில் ஒருவர் கையில் வாயு மீட்டரோடு நிற்பது அதனால்தான்.

35 சதவீதத் திரவத்தை இயந்திரம் ஆவியாக்கும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது. முடிந்தபின் ஆவி 1 பி.பி.எம்.முக்குக் கீழே இறங்கும்வரை காற்றோட்டம். பாஸா ஃபெயிலா என்று சொல்வது சின்ன எஃகுத் தட்டு: எளிதில் சாகாத ஜியோபேசிலஸ் என்ற பாக்டீரியாவின் 10 லட்சம் வித்துகள் தடவியது. மேசைக்கடியில், ஃபிரிட்ஜுக்குப் பின்னால், எட்டாத மூலையில் வைத்து எடுத்து, 55 முதல் 60 டிகிரியில் வளர்த்துப் பார்ப்பார்கள். வாயு படாத தட்டொன்றையும் கூடவே வளர்க்க வேண்டும். அதில் வித்து முளைக்காவிட்டால் சோதனையே செல்லாது. உங்கள் மகளின் கண்ணும் பொறுமையும் வேண்டிய இடம் இது.

பல இடங்களில் இன்னும் ஃபார்மலின் புகைதான். சூடாக்கினால் அதே வாயுவைத் தரும் பாராஃபார்மால்டிஹைடு பொடி என்றால் கன மீட்டருக்குச் சுமார் 10.6 கிராம், அதாவது 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயர அறைக்கு 636 கிராம். புற்றுநோய் உண்டாக்கும் வாயு அது. இதை மாற்றச் சொல்லி வாதாடத் தெரிந்த ஆட்கள்தான் தேவைப்படுகிறார்கள்.

"படிச்சிட்டுக் கழுவுற வேலையா?" என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள், அதுவும் நம் வட சென்னையில் அந்தப் பேச்சு எங்கே குத்தும் என்று உங்களுக்குத் தெரியும். மாதவரம் பால்பண்ணையில் கால்நடைப் பல்கலைக்கழக ஆய்வகம் இருக்கிறது, கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் அறை சுத்தம் என்று கையெழுத்திடுவது பொறுப்பான விஞ்ஞான வேலை. பெரியப்பாவிடம் அப்படியே சொல்லுங்கள்.

படிப்பு: அரசு கல்லூரியில் பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி. டொனேஷன் கேட்கும் இடத்துக்குப் போகவே வேண்டாம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். கூடவே ஏ.சி. டக்ட், காற்றழுத்தம், கிருமியைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் பற்றி அவள் கற்றுக்கொள்ளட்டும். கிருமியும் டக்ட்டும் இரண்டும் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

விண்ணப்பிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். அவளுக்கு வீசிங் இருந்ததா, மூடிய இடத்தில் மூச்சு முட்டுகிறதா என்று நெஞ்சக மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். சென்னை வெயிலில் முழு உடலும் மூடிய சூட், முகத்தை இறுக்கும் மாஸ்க்கோடு வேலை செய்ய வேண்டிவரும். ஆஸ்துமா என்றால் களத்துக்கு அனுப்பாதீர்கள், அந்தத் தட்டுகளை வளர்த்துப் பார்க்கும் ஆய்வக வேலையைப் பாருங்கள்.